குடியை விட்டவருக்கு எந்தக் குழு? தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ஓர் ஒப்பீடு

தினமும் குடிப்பவர் என்றால், குடியை விட உதவும் குழுவைத் தேடுவதற்கு முன்னால் டாக்டரைப் பார்க்க வேண்டும். கடைசியாகக் குடித்து 6 மணி நேரம் ஆனதுமே கைநடுக்கமும் வியர்வையும் தொடங்கலாம். முதல் 2 நாளுக்குள் வலிப்பு வரலாம். அடுத்த 2 நாளில் ஆள் அடையாளம் தெரியாமல் உளறுவது, இல்லாத பூச்சியைத் தட்டிவிடுவது என உயிருக்கே ஆபத்தாகலாம். மாலை போடும் அன்று ஒரேயடியாக நிறுத்துகிறவருக்கும், கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு வருகிறவருக்கும் இதே கணக்குதான். வேண்டுதல் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அந்த வாரம் மருத்துவமனையும் கூடவே இருக்கட்டும். வெறும் குளுக்கோஸ் ஏற்றி அனுப்பிவிடும் இடமும் போதாது. தினமும் குடிப்பவர் உடம்பில் வைட்டமின் பி1 வற்றிக் கிடக்கலாம். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம்.

அந்த வாரம் தாண்டிய பிறகுதான் எந்தக் குழு என்ற கேள்வி.

எங்கள் முதல் தேர்வு ஏ.ஏ. எனப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். 1935-ல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் தொடங்கியது. கட்டணம் கிடையாது, பதிவேடு கிடையாது. குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே தகுதி. வட்டமாக நாற்காலி, பெரும்பாலும் ஒரு டீ. பெயரைச் சொல்லி "நான் ஒரு குடிநோயாளி" என்று ஒருவர் பேசுவார். மற்றவர்கள் குறுக்கே பேசவோ அறிவுரை சொல்லவோ மாட்டார்கள். முதல் நாள் வாயே திறக்காமல் உட்கார்ந்துவிட்டு வரலாம். கடைசியில் ஒரு பை சுற்றும்; முடிந்தால் போடலாம். வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை என்பது அவர்களுடைய மரபு. ஏ.ஏ. பெயரைச் சொல்லி யாராவது சேர்க்கைக் கட்டணம் கேட்டால் அது ஏ.ஏ. இல்லை.

குறைகளும் உண்டு. பட்டியலில் இருக்கும் குழு இடம் மாறியிருக்கும், சில சமயம் கலைந்தே போயிருக்கும். அதனால் ஏ.ஏ. உதவி எண்ணில் கேட்டு, குழுவின் தொடர்பாளரிடம் அன்றைக்கே பேசி நான்கு விஷயங்களை உறுதிசெய்ய வேண்டும்: கிழமை, நேரம், மொழி, குடும்பத்தார் வரலாமா என்பது. ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்களுக்கு மொழி சின்ன விஷயம் இல்லை. கூட்டம் மாலையில் என்றால், பென்னாகரம், அரூர் உள்கிராமத்துக்காரர் கடைசி பஸ்ஸை முதலில் விசாரிக்க வேண்டும். சர்ச் ஹாலில் நடந்தால் மதம் மாற்றுகிறார்களோ என்று வீட்டார் பயப்படுவதுண்டு. அது இடம் மட்டும்தான். "மாத்திரையும் ஒரு போதைதான்" என்று எந்த உறுப்பினர் சொன்னாலும் டாக்டர் கொடுத்ததை நிறுத்தக் கூடாது.

அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் கிடைக்கும் ஆலோசனைக்கு வேறு பலம். மாத்திரை, கல்லீரல் பரிசோதனை, ஆலோசகர் எல்லாம் ஒரே வளாகத்தில், செலவில்லாமல் கிடைக்கும். ஆனால் அது புறநோயாளி நேரத்தில் நடக்கும். குவாரிக்கும் சிப்காட் ஷிப்டுக்கும் போகிறவருக்கு ஒரு நாள் கூலி போகும். மாங்காய் சீசனில் சிலர் வராமல் நின்றுவிடலாம். மாதம் ஒரு முறை இங்கே, வாரம் இரண்டு முறை ஏ.ஏ. என்று வைத்துக்கொண்டால் இரண்டும் ஒன்றையொன்று தாங்கும்.

தனியார் மறுவாழ்வு மையங்களைக் கடைசியில்தான் வைப்போம். சேரும் முன் 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி எடுத்த பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். டாக்டர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார், வீட்டார் எப்போது பார்க்கலாம், வெளியே வந்த பிறகு தொடர் கூட்டம் உண்டா என்றும் கேளுங்கள். "வண்டி அனுப்பறோம், நாங்களே தூக்கிட்டு வந்துடறோம்" என்று பதில் வந்தால் அங்கே வேண்டாம்.

ஓசூர்க்காரர்களுக்குப் பெங்களூரு கூடுதல் வசதி. அங்கே நிம்ஹான்ஸ் என்ற மத்திய அரசு மனநல மருத்துவமனையில் போதை மருத்துவத்துக்கென்றே தனி மையம் இருக்கிறது, ஏ.ஏ. குழுக்களும் அதிகம். தெருக்காரர் யாரும் பார்த்துவிட மாட்டார்கள் என்ற நிம்மதி பலரைக் கூட்டத்துக்குப் போகவைக்கிறது. கர்நாடக எல்லையிலுள்ள அத்திப்பள்ளியில் இறங்கி மாறாமல் நேர் பஸ்ஸில் போவது நல்லது. எல்லை மதுக்கடைகள் வழியிலேயே இருக்கின்றன. ஆன்லைன் கூட்டம் நைட் ஷிப்டுக்காரருக்கும் பஸ் இல்லாத ஊருக்கும் உதவும், கேமராவை அணைத்தும் கேட்கலாம். ஆனால் குடித்துவிட்டு உட்கார்ந்தாலும் யார் மூக்குக்கும் தெரியாது. அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

குடிப்பவர் எதற்கும் வரமாட்டேன் என்றால் மனைவியோ அம்மாவோ தனியாகவே அல்-அனான் கூட்டத்துக்குப் போகலாம். அது குடும்பத்தாருக்கானது, அவருடைய சம்மதம் தேவையில்லை. எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாவிட்டால் 14446 என்ற தேசியப் போதை மீட்பு உதவி எண்ணில் கேட்கலாம். சாம்பாரில் ரகசியமாக டைசல்ஃபிராம் (குடித்தால் உடம்பு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் மாத்திரை) கலப்பது மட்டும் கூடவே கூடாது. அவர் அதன்மேல் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம்.

இடையில் ஒரு நாள் சறுக்கினால் அடுத்த கூட்டத்துக்கே போய் அதைச் சொல்லிவிடலாம். யாரும் வெளியே அனுப்ப மாட்டார்கள். தொடர்ந்து பல நாள் குடித்திருந்தால் மறுபடி டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான் நிறுத்த வேண்டும்.