ஹேண்ட்பிரேக்: காசு கொடுத்து வாங்கிய டிவிடிக்கு ஒரு காப்பு நகல்

அலமாரியில் உள்ள டிவிடிகளைக் கணினிக் கோப்புகளாக மாற்ற, ஹேண்ட்பிரேக் என்னும் இலவச, திறந்தமூல மென்பொருளைச் சில மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். கீறல் விழுந்த வட்டு ஒன்று, இடைவேளைக்குப் பிறகு கட்டம் கட்டமாக உடைந்து நின்றபோதுதான் நகலின் அருமை புரிந்தது.

ஆர்எஃப் 20 என்ற தர அளவில், ஏறத்தாழ 7 ஜிபி இருந்த படம் 1.5 ஜிபிக்குச் சுருங்கியும் பார்வைக்குக் குறை தெரியவில்லை. பாட்டுக் காட்சிகளில் ஆடுபவர்களின் கையோரம் சீப்புப் பற்களைப் போலத் தெரிந்த கோடுகளை இதிலுள்ள டீகோம்ப் வடிகட்டி பெரும்பாலும் நீக்கிவிட்டது. வசன வரிகள் டிவிடியில் படங்களாகவே பதிவாகியிருப்பதால், அவற்றை எழுத்தாக மாற்றித் தர ஹேண்ட்பிரேக்கால் இயலாது.

நகலெடுப்பதைத் தடுக்க டிவிடிகளில் இடும் சிஎஸ்எஸ் என்னும் மின்னணுப் பூட்டுப் போட்ட வட்டுகளை இம்மென்பொருள் தானாகத் திறப்பதில்லை. புதியவர்கள் தடுமாறும் இடம் இதுவே. அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டு டிஎம்சிஏ என்னும் பதிப்புரிமைச் சட்டம், வட்டு நம்முடையதே ஆனாலும் பூட்டை உடைப்பதைத் தடுக்கிறது. இந்தியாவிலோ, 2012 திருத்தத்துக்குப் பின், பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொந்த உபயோகத்துக்கான நியாயமான பயன்பாட்டைத் திரைப்படங்களுக்கும் அனுமதிக்கிறது. 65அ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பதையே குற்றமாக்குகிறது. அந்த நகலைப் பென் டிரைவில் போட்டு ஊருக்கெல்லாம் கொடுத்தால் கதையே வேறு.

பழைய மடிக்கணினியில் ஒரு படத்துக்கு இரண்டு மணி நேரம் பிடிக்கிறது. இரவில் ஓடவிட்டுத் தூங்கிவிடுகிறேன்.