அலுமினிய முன்கூரை போடுகிறவர்கள் பிராக்கெட்டைப் பாருங்கள்

ஹட்டன் பக்கம் அலுமினிய வேலை கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள்.

என் தையல் கடைக்கு முன்கூரை போட வந்தவர்கள் சட்டம் செய்கிற நல்ல தடித்த அலுமினிய புரோபைல் துண்டைக் கையில் கொடுத்து, "தட்டிப் பாருங்க அண்ணே" என்றார்கள். கொட்டேஷனில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட் என்று எழுதியும் தந்தார்கள். தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கியதுமே ஒரு பக்கம் சுவரை விட்டுக் கழன்று மேலே எழும்பிவிட்டது. பாலிகார்பனேட் தகடு ரோட்டில் கிடந்தது. இரவு நேரம் என்பதால் யாருக்கும் அடிபடவில்லை.

புரோபைல் வளையக்கூட இல்லை. போனதெல்லாம் இணைப்புகள். மூலைக்கு இரண்டு மெல்லிய அலுமினிய பொப் ரிவிட் (ஓட்டையில் விட்டு இறுக்கும் ஆணி), அவ்வளவுதான். இணைப்பைத் தாங்கும் வார்ப்பு பிராக்கெட் ஒன்று பிஸ்கட் மாதிரி முறிந்திருந்தது. சுவர் போல்ட்டில் காந்தத்தை வைத்தேன், பச்சென்று ஒட்டியது. 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அவ்வளவு பலமாக ஒட்டாது. இது முலாம் பூசிய சாதாரண இரும்பு. நம்ம ஊர் மழைக்கும் மூடுபனிக்கும் அந்த முலாம் எத்தனை காலம் நிற்கும்? கேட்டால், "காத்துக்கு நாங்க என்ன செய்றது அண்ணே" என்கிறார்கள். ஹட்டனுக்குக் காற்று புதிதா?

வேலை தொடங்கும் முன்பே, போடப்போகிற அதே புரோபைல், பிராக்கெட், ரிவிட்டில் ஒரு மாதிரி இணைப்புச் செய்து தரச் சொல்லுங்கள். ஒரு துண்டை மேசையோடு இறுக்குங்கள். வெளியே நீளும் துண்டில், இணைப்பிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி வாளியைத் தொங்கவிட்டு, தண்ணீரை லீட்டர் லீட்டராக ஊற்றுங்கள். லீட்டருக்கு ஒரு கிலோ, கணக்கு சுலபம். அதே வாளியை 60 சென்டிமீட்டருக்குத் தள்ளினால் இணைப்பில் விழும் முறுக்கு இரண்டு மடங்கு. முதலிலேயே இணைப்புக்குக் குறுக்கே ஒரு பென்சில் கோடு போட்டுவிடுங்கள். வாளியை எடுத்த பிறகும் கோடு விலகியே நின்றால் பிராக்கெட் வழுக்கியிருக்கிறது, இல்லாவிட்டால் ரிவிட் ஓட்டை இழுபட்டிருக்கிறது. துண்டு தாழ்ந்து பழையபடி நிமிர்ந்தால் பயமில்லை. ஒரே அளவு இரும்பைவிட அலுமினியம் ஏறக்குறைய மூன்று மடங்கு வளையும், அது அதன் குணம். அப்புறம் மாதிரியைக் கவிழ்த்து வைத்தும் பாருங்கள், காற்று கூரையை மேலேயும் தூக்கும். எங்களுடையது அப்படித்தான் போனது.

சரி, ஏமாந்துவிட்டால்? நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1977. முறைப்பாட்டை எழுத்தில், வேலை முடிந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். கொட்டேஷனையும் முறிந்த பிராக்கெட்டையும் வைத்து நான் எழுதிக் கொடுத்துவிட்டேன். அவர்களோ மீதிக் காசு கேட்டு இன்னும் போன் எடுக்கிறார்கள்.