வீட்டு ஒலிப்பதிவில் இரைச்சல்: மைக்கை மாற்றுவதா, மின்தடத்தைச் சரிசெய்வதா, மென்பொருளை நம்புவதா?

கோலாலம்பூர் அடுக்குமாடி வீடுகளில் படுக்கையறையையே ஒலிப்பதிவுக் கூடமாக்கிக்கொண்டு பக்திப் பாடலும் கதை வாசிப்பும் பதிவுசெய்கிறவர்கள், இரைச்சல் தலைகாட்டியதும் வேறு மைக், மின்சாரத்தால் எழும் உறுமலை நிறுத்தும் கருவி, இரைச்சல் நீக்கும் மென்பொருள் ஆகிய மூன்றில் ஒன்றைத் தேடிப் போகிறார்கள். இம்மூன்றும் ஒரே கோளாறைத் தீர்ப்பவை அல்ல என்பதால், பணம் செலவழிப்பதற்கு முன் பதிவான கோப்பைக் கைப்பேசிக்கு மாற்றி ஹெட்போனில் கேட்டுவிடுவது நல்லது. ஸ்பீக்கரில் கேட்ட உறுமல் அதில் இல்லையென்றால் பதிவு சுத்தமாகவே இருக்கிறது. கோளாறு ஸ்பீக்கருக்குச் செல்லும் தடத்தில்தான்.

முதலில் மைக். மின்சாரம் பெற்று இயங்கும், உணர்திறன் மிக்க கன்டென்சர் வகை மைக் அறைச் சத்தம் முழுவதையும் இழுத்துக்கொள்ளும், தனியாக மின்சாரம் தேவைப்படாத டைனமிக் வகை குரலை மட்டும் எடுக்கும் என்று பலரும் சொல்வதில் பாதிதான் உண்மை. ஒரே அளவு ஒலிக்கு, 1966 முதல் விற்பனையில் உள்ள ஷூர் எஸ்எம்58 டைனமிக் மைக் 1.85 மில்லிவோல்ட் தருகிறது. ரோட் என்டி1 கன்டென்சர் ஏறத்தாழ 35 மில்லிவோல்ட் தருகிறது. ஆனால் கன்டென்சரில் மின்விசிறியின் சத்தம் கூடும் அதே அளவுக்குக் குரலும் கூடுகிறது. ஆகவே இரண்டையும் ஒரே தூரத்தில் வைத்து ஒலியளவைச் சமப்படுத்தினால், குரலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் பெரிதாக மாறுவதில்லை.

டைனமிக்கின் உண்மையான அனுகூலம், உதட்டருகே வைத்துப் பாட இடம் கொடுப்பதுதான். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள இடைவெளி 20 சென்டிமீட்டரிலிருந்து 5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் குரல் சுமார் 12 டெசிபெல் உயரும், விசிறியின் சத்தமோ இருந்த இடத்திலேயே நிற்கும். நெருக்கத்தால் அடிக்குரல் தடிப்பதை 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி ஓரளவு சமாளிக்கலாம்.

மைக்கின் திசையையும் பலர் கவனிப்பதில்லை. இவ்விரு மைக்குகளும் முன்பக்கத்தைக் கேட்டுப் பின்பக்கத்தைத் தவிர்க்கும் கார்டியாய்டு வகையைச் சேர்ந்தவை. எஸ்எம்58-ஐ மேசையில் நிறுத்தி வாயை நோக்கி மேலே சாய்த்தால், அது கூரையில் சுழலும் விசிறியையும் சேர்த்தே பார்க்கிறது. அதையே தாங்கியில் மேலிருந்து தொங்கவிட்டு வாயை நோக்கிக் கீழே திருப்பினால், கேபிள் செருகும் முனை விசிறியை நோக்கி அமைந்துவிடும். காசில்லாமல் கிடைக்கும் இந்த மாற்றத்தைப் புதிய மைக் வாங்குவதற்கு முன் செய்து பார்த்தே ஆக வேண்டும்.

மெல்லப் பேசுகிறவருக்கு டைனமிக் பொருந்தாது. அதன் குறைந்த மின் அளவை ஈடுகட்ட மைக்கைக் கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸின் கெயினை (ஒலியைப் பெருக்கும் அளவை) உச்சத்துக்குத் திருப்ப, அந்தக் கருவியின் சொந்தச் சீறலே பதிவில் ஏறும். வீணைக்கும் மைக்கைச் சற்றுத் தள்ளியே வைக்க வேண்டியிருப்பதால், அதற்குச் சுய இரைச்சல் (மைக் தானே எழுப்பும் சீறல்) 4.5 டெசிபெல் மட்டுமே உள்ள என்டி1 போன்ற கன்டென்சரையே நான் தேர்ந்தெடுப்பேன். அப்போது விசிறியையும் குளிர்சாதனத்தையும் நிறுத்துவதைத் தவிர வேறு வழியில்லை.

மின் உறுமல் வேறு கதை. மலேசியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் உறுமல் 50, 100, 150 ஹெர்ட்ஸில் வரும். மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றியதும் அது நின்றால், பெரும்பாலும் இரு கருவிகளின் எர்த் இணைப்புகள் வளையமாகிவிட்டன என்று பொருள். எல்லாவற்றையும் ஒரே நீட்டிப்புப் பலகையில் செருகுவது முதல் படி. ஸ்பீக்கருக்குப் பேலன்ஸ்டு கேபிள் (வழியில் ஏறும் இரைச்சலை ரத்துசெய்ய இரு சமிக்ஞைக் கம்பிகள் கொண்டது) போடுவது அடுத்த படி. இரண்டும் பலிக்காதபோதுதான் அந்தத் தடத்தில் எர்த் வளையத்தைத் துண்டித்து ஒலியை மட்டும் கடத்தும் டிரான்ஸ்ஃபார்மர் ஐசொலேட்டரைச் சேர்க்க வேண்டும். அதே வேலைக்குக் கணினிக்கும் இன்டர்ஃபேஸுக்கும் இடையே செருகும் யூஎஸ்பி ஐசொலேட்டர் வாங்குவோர் அதன் வேகத்தைப் பார்த்து வாங்க வேண்டும்: மலிவானவை பல நொடிக்கு 12 மெகாபிட்டோடு நின்றுவிட, இன்றைய இன்டர்ஃபேஸ்கள் பல 480 மெகாபிட் இணைப்பைக் கேட்கின்றன. மூன்று முனைப் பிளக்கின் எர்த்தைத் துண்டித்து உறுமலை நிறுத்தும் வழக்கத்தை நான் முற்றாக எதிர்க்கிறேன். மின்கசிவு ஏற்பட்டால் மைக்கின் உலோக உடலைத் தொடும் கைக்கு அந்தக் கம்பிதான் முக்கியப் பாதுகாப்பு.

மென்பொருளைக் கடைசியில் வைக்கிறேன். இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி, பேச்சில்லாத சில நொடிகளை மாதிரியாக எடுத்துக்கொண்டு அதே சாயலைப் பதிவு முழுவதும் குறைக்கிறது. மாறாத விசிறிச் சத்தத்துக்கு அது ஏற்றது. மாலை இடிமழைக்கும் கீழே சீறிப்போகும் மோட்டார் சைக்கிளுக்கும் ஏறக்குறைய பயனற்றது. அளவு மீறினால் ச, ஸ, ஷ ஒலிகள் தேய்ந்து, மிருதங்க நாதத்தின் வால் அறுந்துபோகும். குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போகும் ஒலியை அடைத்துவிடும் நாய்ஸ் கேட், வாக்கியங்களுக்கு இடையே மட்டும் வாயை மூடுகிறது, குரலுக்கு அடியில் ஓடும் இரைச்சலை அது தொடுவதில்லை. பாட்டின் பின்னணியில் சுருதிப்பெட்டி ஒலித்துக்கொண்டிருந்தால் அந்தக் கேட் மூடவே மூடாது. சுருதியை ஹெட்போனில் மட்டும் கேட்டுப் பாடி, அதைப் பின்னர் தனித் தடத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.