எஸ்சிட்டலோபிராம்: பயந்து ஓடிய எட்டு மாதமும், சாப்பிட்ட இரண்டேகால் வருடமும்

பதற்றத்துக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையை மூன்றே வாரத்தில் நானாகவே நிறுத்திவிட்டு, அப்புறம் எட்டு மாதம் எந்த டாக்டர் பக்கமும் போகாமல் இருந்தேன். பக்கவிளைவு பயம், வேறு காரணம் இல்லை. இப்போது அதே பதற்றத்துக்கான எஸ்சிட்டலோபிராம் மாத்திரை ஆரம்பித்து இரண்டேகால் வருடம் ஆகிறது. அந்த எட்டு மாதம் ராத்திரி ஒரு மணிக்கெல்லாம் போனில் தேடித் தேடிப் படித்தேன், ஆனால் ஒருவராவது ஆரம்பத்திலிருந்து கடைசி வரை தமிழில் சொல்லி எனக்குக் கிடைக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு 39 வயது. திருப்பூரில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் வேலை, தினமும் ஸ்கூட்டியில் பதினோரு கிலோமீட்டர். மாதம் 20-ஆம் தேதி ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடும் நாள் நெருங்கினாலே கை சில்லிட்டுப் போகும், வயிறு கலங்கும், நெஞ்சு அடித்துக்கொள்ளும். போகப்போக அது மாதம் முழுக்க வர ஆரம்பித்தது. இதயத்தில்தான் கோளாறு என்று நினைத்தேன். ஈசிஜி, எக்கோ, டிரெட்மில், தைராய்டு எல்லாம் எடுத்தோம், எல்லாமே நார்மல். ரிப்போர்ட் கைக்கு வந்தால் இரண்டு நாள் நிம்மதி, மூன்றாம் நாள் எதையோ கவனிக்காமல் விட்டுவிட்டார்கள் என்று மறுபடி ஆரம்பித்துவிடும்.

முதலில் பார்த்த பொது மருத்துவர் ஒரு கலவை மாத்திரை எழுதினார். எஸ்சிட்டலோபிராமும் குளோனசெபாமும் ஒன்றாகச் சேர்ந்தது, நம் ஊரில் இது ரொம்பப் பரவலாக எழுதப்படுவது. இரண்டும் வேறு வேறு வேலை செய்கிறவை என்று அப்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை. குளோனசெபாம் அரை மணி, ஒரு மணி நேரத்தில் பதற்றத்தை அமுக்கிவிடும், ஆனால் தூக்கம் வரும், நாள்கணக்கில் தொடர்ந்தால் உடம்பு அதற்குப் பழகியும்விடும். எஸ்சிட்டலோபிராம் பலன் காட்டவே சில வாரம் எடுக்கும். எனக்கு என்ன ஆனது என்றால், ராத்திரி நன்றாகத் தூங்கினேன், காலையில் சிக்னலில் வண்டியை நிறுத்தினால் கண் சொக்கியது. அட்டையைத் திருப்பிப் பார்த்தால் சிவப்பில் என்ஆர்எக்ஸ் (NRx) என்று இருந்தது, கட்டுப்பாட்டில் இருக்கும் போதை, மனநல மருந்துகளுக்குப் போடும் குறி அது. மனநோய் மருந்துக்கு அடிமையாகிவிட்டோம் என்று பயந்து அன்றைக்கே நிறுத்தினேன். அடுத்த ஒரு வாரம் பட்டது யாருக்கும் வரக்கூடாது. படபடப்பு முன்பைவிட அதிகமாகி, தூக்கமே இல்லை. அப்படித் திடீரென்று நிறுத்தியது தப்பு என்று பிறகுதான் தெரிந்தது.

எங்கள் வீட்டில் மனநல டாக்டர் என்றாலே கீழ்ப்பாக்கம் என்றுதான் பேச்சு. 1794-இல் ஆரம்பித்த அந்த ஆஸ்பத்திரியின் பெயரை இன்றைக்கும் வசைச்சொல்லாகத்தான் சொல்கிறோம், எத்தனை பேர் இதனாலேயே வைத்தியம் பார்க்காமல் இருக்கிறார்களோ என்று நினைத்தால் வேதனையாக இருக்கிறது. "அதெல்லாம் சாப்ட்டா அப்புறம் விடவே முடியாதாமே கண்ணு" என்று அத்தை அக்கறையோடுதான் சொன்னார். கடைசியில் என் கணவர்தான் கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போனார்.

அந்த மனநல மருத்துவரிடம் நான் முதலில் கேட்டதே இதுதான், "டாக்டர், இது பழகிடுமா?" அவர் சொன்னார்: "குளோனசெபாம் பழகும்மா. எஸ்சிட்டலோபிராம் அப்படி இல்ல, இன்னும் வேணும் வேணும்னு கேக்க வைக்காது. ஆனா திடீர்னு நிறுத்தினா உடம்பு படுத்தும். ரெண்டும் வேற வேற." இந்த நாலு வரியை முதல் நாளே ஒருவர் சொல்லியிருந்தால் எனக்கு எட்டு மாதம் மிஞ்சியிருக்கும்.

அப்புறம் அவர் என்னைத் திருப்பிக் கேட்டார், எந்தப் பக்கவிளைவு வந்தால் உங்களால் தாங்கவே முடியாது என்று. இப்படி யாரும் கேட்டதில்லை. வண்டி ஓட்டுவதால் தூக்கம் கூடாது, வயிறு ஏற்கெனவே கெட்டுக் கிடக்கிறது, எடை ஏறினால் மனசு ஒடிந்துவிடும் என்றேன். எஸ்சிட்டலோபிராம் வகையிலேயே உள்ள பேராக்ஸெட்டின் எடை கூட்டலாம், நிறுத்துவதும் சிரமம் என்று ஒதுக்கினார். அதே வகையில் செர்ட்ராலின் நல்ல மருந்துதான், ஆனால் வயிற்றுப்போக்கு அதில் கொஞ்சம் அதிகம். ப்ரோப்ரனலால் படபடப்பையும் கை நடுக்கத்தையும் குறைக்கும், எனக்குச் சின்ன வயதிலிருந்து வீசிங் உண்டு என்பதால் அது கூடாது என்றார். மிச்சம் நின்றது எஸ்சிட்டலோபிராம், அதுவும் தனியாக, 5 மி.கி.-இல் ஆரம்பித்து. மாதவிடாய் வலிக்கு நான் போடும் ஐபுப்ரோஃபென் பற்றியும் கேட்டார். இரண்டும் சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வரும் வாய்ப்பு கூடுமாம், பாராசிட்டமால் போட்டுக்கொள்ளச் சொன்னார். மெடிக்கலில் நாமாகவே வாங்கிப் போடும் மாத்திரைகளையும் மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இன்னொன்றும் சொன்னார், எனக்கு மருந்துக்குச் சமமாக உதவியது அதுதான். முதல் மாத்திரை போடும் முன் ஒரு வாரம், உடம்பில் இருக்கும் தொந்தரவு எல்லாவற்றையும் தேதி போட்டு நோட்டில் எழுதச் சொன்னார். தலைவலி, குமட்டல், வாய் வறட்சி, கால் மரத்துப்போவது, கிறுகிறுப்பு என்று எழுதினேன். மாத்திரை ஆரம்பித்த இரண்டாம் நாள் தலை சுற்றியபோது ஐயோ பக்கவிளைவு என்று நோட்டைப் புரட்டினால், அதே கிறுகிறுப்பு முந்தைய வாரம் நாலு நாள் இருந்திருக்கிறது! மருந்தின் மேல் நான் போட்டிருக்கக்கூடிய பழியில் பாதி, நோயே ஏற்கெனவே செய்துகொண்டிருந்த வேலை.

மீதிப் பாதி உண்மையான பக்கவிளைவுதான், மறைக்கவில்லை. முதல் பத்து நாள் குமட்டல், காலை டிபன் பாதிக்கு மேல் இறங்கவில்லை. தூக்கமே வராமல் கொட்டாவி மட்டும் விடாமல் வந்தது. ராத்திரி போட்டால் விழித்தே கிடந்தேன், காலைக்கு மாற்றியதும் சரியானது. நாலாம் நாள் பதற்றம் கூடியது, ஆரம்பத்தில் அப்படி ஆகலாம் என்று முன்பே சொல்லியிருந்ததால் தாங்கினேன். அவசரத்துக்கென்று 0.25 மி.கி. குளோனசெபாம் கொஞ்சம் கொடுத்திருந்தார், மொத்தமே மூன்று போட்டேன். இரண்டாம் வாரம் 10 மி.கி.

ஐந்தாம் வாரம், 20-ஆம் தேதி. ரிட்டர்ன் போட்டு முடித்து, வீட்டுக்கு வந்து, குழம்பு தாளித்துக்கொண்டிருந்தேன். "இன்னைக்கு நீ நாடியே பிடிச்சுப் பாக்கல" என்று கணவர் சொன்னபோதுதான் எனக்கே தெரிந்தது. அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து அழுதேன்.

நான் பேச ரொம்பத் தயங்கியது தாம்பத்தியம் பற்றி. ஆசை குறைந்தது, உச்சம் வருவது தள்ளிப்போனது, சில நாள் வரவே இல்லை. இந்த வகை மருந்துகளில் ஆண், பெண் இருவருக்குமே இது சாதாரணமாக வருவது, ஆனால் நாம்தான் வாய்திறப்பதில்லை. ஐந்தாம் மாதம் ஒரு சீட்டில் எழுதி டாக்டரிடம் நீட்டினேன். அவர் முகம் கொஞ்சமும் மாறவில்லை. காத்திருக்கலாம், டோஸ் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம் என்று வழிகளைச் சொன்னார். அப்போது பதற்றம் அடங்கி நாலு மாதம்தான் ஆகியிருந்தது, காத்திருக்கிறேன் என்றேன். கணவரிடமும் சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருந்திருந்தால் அவர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டிருப்பார். எடை ஒரு வருடத்தில் 61-லிருந்து 64 ஆனது. இதற்கு நான் பயந்த அளவு ஒன்றும் ஆகவில்லை.

என்னை உண்மையில் உலுக்கியது பதினாலாம் மாதம் நடந்தது. என்னைத் தூக்கி வளர்த்த பெரியப்பா இறந்துபோனார். நடுக்கூடத்தில் கிடத்தியிருக்கிறார்கள், சுற்றிலும் எல்லாரும் அழுகிறார்கள், எனக்கு அழுகை வரவில்லை. துக்கம் எங்கேயோ இருக்கிறது என்று தெரிகிறது, அது மேலே வரவில்லை. இதைச் சொன்னதும் டாக்டர், உணர்ச்சி இப்படி மழுங்குவது சிலருக்கு வரும் என்றார், அதற்குள் ஒரு வருடம் நன்றாக இருந்துவிட்டதால் குறைத்துப் பார்க்கலாம் என்று முடிவு செய்தோம்.

குறைப்பதும் மெதுவாகத்தான். அதற்கு முன் பழனிக்குப் போனபோது அட்டையை வீட்டில் மறந்துவிட்டு, இரண்டு நாள் விட்டுப்போய், மூன்றாம் நாள் கண்ணைத் திருப்பினால் தலைக்குள் சுருக்கென்று கரண்ட் அடித்த மாதிரி இருந்திருக்கிறது. ஆபத்தில்லை, ஆனால் பயங்கரம். அதனால் 7.5-இல் மூன்று மாதம், பிறகு 5. கூடவே வாரம் ஒரு முறை கவுன்சலிங், படபடப்பு வந்தால் ஓடாமல் அதோடு உட்காரும் பயிற்சி. டோஸ் குறைந்தபோது அது இல்லாமல் நான் சமாளித்திருக்க மாட்டேன்.

என் நாத்தனார் மகளுக்கு 20 வயது, போன மாதம் அவளுக்கும் இதே மருந்து எழுதியிருக்கிறார்கள். 25 வயதுக்குள் இருப்பவர்களுக்கு முதல் வாரங்களிலும் டோஸ் மாற்றும்போதும் சிலருக்குத் தற்கொலை எண்ணம் வரலாம் என்ற எச்சரிக்கை உண்டு, அதனால் அவளைத் தனியாக விடாமல் கூடவே இருந்து கவனிக்கச் சொன்னேன். ராத்திரி பகல் எப்போது வேண்டுமானாலும் தமிழில் பேசலாம் என்று அரசின் இலவச மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அவள் போனில் பதிந்து கொடுத்தேன். ஒரு நோட்டும் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

நான் இன்னும் 5 மி.கி.-இல்தான் இருக்கிறேன், தாம்பத்தியம் முக்கால்வாசி பழையபடி ஆகிவிட்டது. ஆடி மாதம் பெரியப்பாவின் வருடத் திதிக்கு ஊருக்குப் போயிருந்தேன். அவர் உட்காரும் திண்ணையைப் பார்த்ததும் அழுகை வந்தது, வெகுநேரம் நிற்கவில்லை.