பற்றுச்சீட்டில் இல்லாத எண்: மட்டக்களப்பு முகவர் நிலையமொன்றில் கார் சேர்விஸ்

மட்டக்களப்பு நகரை அண்டியுள்ள முகவர் சேவை நிலையமொன்றுக்கு என்னுடைய காரை இதுவரை மூன்று தடவைகள் சேர்விஸுக்காகக் கொண்டுபோயிருக்கிறேன். நிலையத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. காரின் பெயரையும் எழுதவில்லை. இந்த ஊரில் காரின் பெயரைச் சொன்னால் முகவர் யார் என்பதைச் சின்னப்பிள்ளையும் சொல்லிவிடும். எஞ்சின் ஒயில் பற்றிய என் முறைப்பாடு பெரும்பாலும் தீர்க்கப்பட்டுவிட்டதால் பெயரை இழுத்து வைப்பதும் நியாயமாகப் படவில்லை.

வண்டி ஜப்பானிலிருந்து ரீகண்டிஷனாக வந்த 1500 சிசி பெற்றோல் கார். வார நாட்களில் கல்லடியிலிருந்து பாலத்தைக் கடந்து புளியந்தீவிலுள்ள அலுவலகத்துக்குப் போய் வருவதுதான் அதன் வேலை. வார இறுதியில் வலையிறவுப் பாலம் தாண்டி வவுணதீவுப் பக்கம் வயலுக்குப் போகும். அங்கே வெயில் காலத்தில் கிரவல் புழுதியும் மாரி காலத்தில் சேறும் வண்டிக்குக் குறைவில்லாமல் கிடைக்கும். பத்து ஆண்டுகளாக எங்கள் வீதியிலிருந்த கராஜ் பாஸ்தான் எல்லாவற்றையும் பார்த்தார். 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் அவர் கராஜைப் பூட்டிவிட்டுக் கட்டாருக்குப் போனார். அதன்பிறகு இரண்டு இடங்களில் கையைச் சுட்டுக்கொண்ட பின்னர், கூடக் காசு போனாலும் பரவாயில்லை, பொறுப்புச் சொல்ல ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணத்திலேயே முகவரிடம் போனேன்.

முதல் தடவை வரவேற்பில் ஒரு குறையும் இல்லை. குறித்த நேரத்துக்கு வண்டியை எடுத்தார்கள். உடலில் ஏற்கெனவே இருந்த கீறல்களை ஜொப் கார்டில் வரைந்து கையெழுத்து வாங்கினார்கள். குளிரூட்டிய அறையில் பிளேன் ரீயும் தந்தார்கள். ஒன்றரை மணித்தியாலத்தில் வேலை முடிந்தது. பற்றுச்சீட்டை வீட்டுக்கு வந்துதான் ஆறுதலாகப் பார்த்தேன். ஒயில் பில்டர், ட்ரெயின் போல்ட் வொஷர், கூலி எல்லாம் தனித்தனியாக இருந்தன. மொத்தத் தொகையில் ஏறக்குறைய பாதியை விழுங்கியிருந்த வரியில் மட்டும் “எஞ்சின் ஒயில் – 4 லீற்றர்” என்பதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை. எந்த நிறுவனத்தின் ஒயில், எந்தத் தடிப்பு, எந்தத் தரம் என்ற எதுவுமே இல்லை. மீன் சந்தையில் பாரை என்றும் சூடை என்றும் சொல்லாமல் “மீன் – ஒரு கிலோ” என்று எழுதிக் காசு வாங்கினால் எப்படியிருக்கும்?

மறுநாள் காலை, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, முற்றத்துச் சமதரையில் வண்டியை விட்டு ஒயில் அளவுகோலை இழுத்தேன். பழைய சாரத் துணியால் துடைத்து, முழுமையாக உள்ளே தள்ளி, மறுபடி இழுத்துப் பார்த்தபோது தேன் நிறத்துப் புதிய ஒயில் மேல் அடையாளத்தைத் தாண்டி நின்றது. இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் அப்படியே. வண்டியின் கையேடு ஜப்பானிய மொழியில் இருந்தாலும் அட்டவணையிலுள்ள இலக்கங்களை வாசிக்க மொழி தேவையில்லை. பில்டருடன் சேர்த்து மாற்றும்போது 3.7 லீற்றர் என்று அதில் அச்சிட்டிருக்கிறது. நான்கு லீற்றருக்குக் காசு எடுத்தவர்கள், வஞ்சகமில்லாமல் நான்கு லீற்றரையும் எஞ்சினுக்குள்ளேயே ஊற்றியிருக்கிறார்கள் என்பது விளங்கியது. முந்நூறு மில்லிலீற்றர் கூடியதால் எஞ்சின் கெட்டுவிடாது. ஆனால் அளவு இன்னும் மிஞ்சினால் சுழலும் கிராங் தண்டு ஒயிலை அடித்து நுரையாக்கும்; நுரைத்த ஒயிலைப் பம்பினால் சரியான அழுத்தத்தில் தள்ள முடியாது. எனக்கு உறுத்தியது, ஒயிலை ஊற்றியபின் அளவுகோலை ஒருவரும் இழுத்துப் பார்க்கவில்லை என்பதுதான்.

திங்கட்கிழமை திரும்பப் போனேன். “அது ஒண்டும் செய்யாது சேர்” என்று தொடங்கிய நிலையத்தின் சேவை ஆலோசகர், அளவுகோலைத் துடைத்துக் காட்டியதும் மேலதிகமாக எதுவும் பேசாமல் ஒருவரைக் கூப்பிட்டு, அளவுகோல் குழாய் வழியாகக் கைப்பம்பினால் மிகுதியை உறிஞ்சி எடுப்பித்தார். அப்போதுதான் என்ன ஒயில் என்று கேட்டேன். பரலிலிருந்து (பெரிய பீப்பாவிலிருந்து) எடுக்கும் 10W-30 என்றார். என் கையேட்டிலும், ஒயில் ஊற்றும் மூடியின் மேற்புறத்திலும் 0W-20 என்று பொறித்திருப்பதைக் காட்டியபோது கிடைத்த விடை, எங்கள் பழைய பாஸ் சொல்லிவந்ததுதான்: “இந்த வெயிலுக்குத் தண்ணி மாதிரி ஒயில் நிக்குமா? அது ஜப்பான் குளிருக்குச் செய்தது.”

இந்த விடை நாடு முழுக்கப் புழங்குவதால் அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. W என்ற எழுத்துக்கு முன்னால் உள்ள எண் குளிரில் ஒயில் எவ்வளவு இலகுவாக ஓடும் என்பதைக் குறிக்கிறது. 0W ஒயிலைச் சுழியத்துக்குக் கீழே 35 பாகை செல்சியஸிலும் 10W ஒயிலைச் சுழியத்துக்குக் கீழே 25 பாகையிலும் சோதிக்கிறார்கள். மட்டக்களப்பில் மார்கழி அடைமழைக்குள்ளும் வண்டி அத்தகைய குளிரைக் காணப்போவதில்லை என்பதால் அந்த முன்னெண்ணை வைத்து நமக்குப் பெரிய சண்டை எதுவும் இல்லை. பின்னெண்தான் சூடேறிய எஞ்சினுக்குரியது. 100 பாகையில் 20 என்ற தரத்து ஒயிலின் பாகுநிலை 6.9 முதல் 9.3 சென்ரிஸ்டோக் (பாகுநிலையை அளக்கும் அலகு) வரையும், 30 என்ற தரத்தினுடையது 9.3 முதல் 12.5 வரையும் இருக்க வேண்டும். இன்னும் கடுமையாக, 150 பாகையில் ஒயிலை மிக வேகமாக உராயவிட்டுப் பார்க்கும் சோதனையில் முன்னது குறைந்தது 2.6 மில்லிபாஸ்கல்-செக்கனும் பின்னது 2.9உம் காட்ட வேண்டும். ஆக, 20 தரத்து ஒயில் மெல்லியதுதான், அதில் பொய்யில்லை. ஆனால் எஞ்சினின் வெப்பநிலையைத் தீர்மானிப்பது வெளியிலுள்ள வெயில் மட்டுமல்ல. தேர்மோஸ்டாட்டும் ரேடியேட்டரும் குளிர்நீரை ஒரு மட்டத்தில் பிடித்து வைத்திருக்கின்றன. தோக்கியோவின் ஓகஸ்ட் மாத வெயிலும் 35 பாகையைத் தொடுவதுதான். மெல்லிய ஒயிலுக்கென்று எண்ணெய் வழிகளையும் வால்வு நேரத்தை மாற்றும் பொறியையும் அமைத்தவர்கள் கோடையை மறந்துவிட்டு அமைக்கவில்லை.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். என்னுடையது போன்ற, ரேர்போ இல்லாத பழைய எஞ்சினில் 20க்குப் பதில் 30 ஊற்றினால் எரிபொருள் சற்றுக் கூடுதலாகப் போகலாமே தவிர எஞ்சின் அழிந்துவிடாது. தூர ஓட்டமும் பாரமும் வேகமும் கூடிய பாவனைக்குச் சற்றுத் தடித்த ஒயில் பொருந்தலாம் என்று வாகன நிறுவனங்களின் கையேடுகள் சிலவே சொல்கின்றன. ஒயில் குடிக்கத் தொடங்கிய வண்டிக்கு 5W-30 ஊற்றும் பாஸ் ஒருவரை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அவர் அதைச் சொல்லிவிட்டு ஊற்றுவார். மூடியில் ஓர் எண்ணைப் பொறித்து வைத்திருக்கும் நிறுவனத்தின் பெயர்ப்பலகையைத் தன் வாசலில் மாட்டியிருக்கும் நிலையம், அந்த எண்ணை மாற்றுவதற்கு முன் வாடிக்கையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். மாற்றியதைப் பற்றுச்சீட்டில் எழுதியிருக்கவும் வேண்டும். பரலிலிருந்து எடுப்பது மலிவு என்பதும், ஒரே ஒயிலை எல்லா வண்டிக்கும் ஊற்றுவது அவர்களுக்கு வசதி என்பதும் எனக்கு விளங்குகிறது. அந்த வசதிக்கு வெயிலைச் சாட்டாகச் சொன்னதுதான் பிடிக்கவில்லை.

தடிப்பைப் போலவே கவனிக்க வேண்டிய இன்னொன்று ஏபிஐ (அமெரிக்கப் பெற்றோலிய நிறுவனம்) வகுத்த தரம். 2001இல் எஸ்எல், 2004இல் எஸ்எம், 2010இல் எஸ்என், 2020 மே மாதத்தில் எஸ்பி என்று அது படிப்படியாக உயர்ந்து வந்திருக்கிறது. பெற்றோல் எஞ்சினைப் பொறுத்தவரை பிந்திய எழுத்து முந்தியதன் இடத்தை நிரப்பும் என்பதே பொது விதி. நகரத்துக் கடைகளில் எஸ்எல் தரத்துக் கான்களும் மலிவு விலையில் நிற்கின்றன. விலையைப் பார்ப்பவர்கள் கானின் பின்புறத்து வட்ட முத்திரைக்குள் இருக்கும் அந்த இரண்டு எழுத்துகளையும் பார்ப்பது நல்லது. பரலில் என்ன தரம் இருந்தது என்ற கேள்விக்கு ஆலோசகர் கணினியைத் தட்டிப் பார்த்து எஸ்என் என்றார். பற்றுச்சீட்டில் அதுவும் இல்லை.

ஆறு மாதம் கழித்து இரண்டாம் தடவை போனபோது, ஜொப் கார்டிலேயே “0W-20, ஏபிஐ எஸ்பி, மூடிய கான், 3.7 லீற்றர்” என்று எழுதுவித்தேன். அந்தத் தரத்துக் கான் அவர்களுடைய உதிரிப்பாகப் பகுதியிலேயே இருந்தது. கேட்பவருக்கு மட்டும் அது வெளியே வருகிறது போலும். விலை பரல் ஒயிலைவிடக் கணிசமாகக் கூட. வேலைத்தளத்துக்குள் வாடிக்கையாளர் வரக்கூடாது என்ற அறிவித்தல் இருந்தபோதிலும், கானை என் கண்முன்னால் உடைக்க வேண்டும் என்று கேட்டபோது முகாமையாளர் மறுக்கவில்லை. பாதுகாப்புத் தொப்பி ஒன்றைத் தந்து மஞ்சள் கோட்டுக்கு இப்பால் நிற்கச் சொன்னார்.

அங்கே கண்டதை மனம்விட்டுப் பாராட்ட வேண்டும். இருபத்திரண்டு வயது மதிக்கத்தக்க தம்பி ஒருவர் பழைய ஒயிலை அவசரப்படாமல் கடைசிச் சொட்டு வரை வடியவிட்டார். ட்ரெயின் போல்ட்டைத் துணியால் துடைத்து, அதில் ஒட்டியிருந்த பழைய வொஷரை நகத்தால் கிளப்பி எறிந்துவிட்டுப் புதியதைப் போட்டார். புதிய பில்டரின் றப்பர் வளையத்தில் விரலால் ஒயில் தடவி, கையாலேயே இறுக்கினார். போல்ட்டுக்கு, குறித்த அளவு இறுக்கத்தைக் காட்டும் டோர்க் ரெஞ்ச் பிடித்து அது ‘டிக்’ என்ற இடத்தில் நிறுத்தினார். பல கராஜ்களில் இரும்புக் குழாயைச் செருகி இறுக்கிப் புரியையே அழித்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். என்னுடைய முந்திய வண்டியின் சம்ப் (எஞ்சினின் அடியில் ஒயில் தேங்கும் பாத்திரம்) அப்படித்தான் போனது. மூன்றரை லீற்றர் ஊற்றி எஞ்சினைச் சற்று ஓடவிட்டு நிறுத்தி, சில நிமிடம் பொறுத்து அளவுகோலைப் பார்த்து, மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தார். அளவு மேல் அடையாளத்துக்கு ஒரு நூல் கீழே நின்றது. “சரியா அண்ணன்?” என்று அளவுகோலை என்னிடம் நீட்டினார். எனக்கு வேண்டியிருந்தது இவ்வளவுதான். முதல் தடவை என் வண்டியைப் பார்த்தவரும் இவர்தானா என்று கேட்க நினைத்து, கேட்காமல் விட்டேன்.

எஞ்சினின் உட்புறத்தைக் கழுவும் ப்ளஷ் திரவம், பெற்றோல் தாங்கிக்குள் ஊற்றும் போத்தல் ஆகியவற்றை மூன்று தடவையும் முன்வைத்தார்கள். மூன்று தடவையும் வேண்டாம் என்றேன், வற்புறுத்தவில்லை.

கண்ணாடியில் ஒட்டித்தரும் ஸ்டிக்கர் அடுத்த சேர்விஸை 5,000 கிலோமீற்றரில் எழுதுகிறது. ஜப்பானிய உள்நாட்டுக் கையேடுகள் பல, சாதாரணப் பாவனைக்கு 15,000 கிலோமீற்றர் அல்லது ஓராண்டு என்றும் கடும் பாவனைக்கு அதில் பாதி என்றும் சொல்வதால், 5,000 என்பது வியாபாரக் கணக்கு என்று கோபப்படுபவர்கள் உண்டு. என் கோபம் அவ்வளவு இல்லை. கல்லடிக்கும் புளியந்தீவுக்கும் இடையிலான நான்கைந்து கிலோமீற்றரில் ஒயில் முழுச் சூட்டை அடைவதற்குள் எஞ்சினை நிறுத்திவிடுகிறேன். உள்ளே படியும் நீராவியும் எரியாத பெற்றோலும் ஆவியாகிப் போக நேரமில்லை. மாரி காலத்தில் ஒயில் மூடியைத் திறந்தால் உட்புறத்தில் பால் நிறத்துப் படை ஒன்று தெரியும். வயல் பக்கத்துப் படுவான்கரைப் புழுதி வேறு. இத்தகைய ஓட்டத்துக்குக் கிலோமீற்றரைவிட மாதக் கணக்கே பொருந்தும் என்பதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன். அதற்குள் பெரும்பாலும் 4,000 தான் ஓடியிருக்கும். கொழும்புக்கு வாராவாரம் போய்வருபவர் இந்தக் கணக்கைப் பின்பற்றத் தேவையில்லை. ஆலோசகர் ஒருவராவது ‘நீங்கள் எப்படி ஓடுகிறீர்கள்?’ என்று கேட்டுவிட்டு அந்த ஸ்டிக்கரை எழுதியிருந்தால் மதிப்பு இன்னும் கூடியிருக்கும்.

ஒயிலை வெளியில் வாங்கிக் கொடுத்தால் ஊற்றித் தருவார்களா என்றும் விசாரித்தேன். கூலி மட்டும் எடுத்துச் செய்வார்கள். ஆனால் ஒயிலால் வரும் பிரச்சினைக்குப் பொறுப்பில்லை என்று எழுதித்தரச் சொல்கிறார்கள். நியாயமான நிபந்தனைதான். பழக்கமில்லாத கடையில் வாங்குவதானால் மூடியின் உடையாத வளையத்தையும் கானில் அச்சிட்ட தொகுதி இலக்கத்தையும் பாருங்கள். பழைய கானில் புது ஒயில் என்று விற்பது இந்த நாட்டில் நடக்காத காரியமல்ல. பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். கேட்கும் கொள்வனவாளருக்குப் பற்றுச்சீட்டு வழங்கும் பொறுப்பை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் வணிகரிடமே வைத்திருக்கிறது.

வேலையின் தரத்துக்கு ஐந்தில் நான்கரை, ஒயில் விடயத்தில் அவர்களாகக் காட்டிய நேர்மைக்கு இரண்டு, கேட்டபின் நடந்துகொண்ட விதத்துக்கு நான்கு என்று கொடுப்பேன். அடுத்த தடவையும் அங்கேதான் போவேன். கடந்த மாதம், மூன்றாம் தடவை, நான் எதுவும் சொல்லாமலே பற்றுச்சீட்டில் ஒயிலின் பெயரும் 0W-20 என்ற எண்ணும் எஸ்பி என்ற தரமும் அச்சாகியிருந்தன. எல்லோருக்கும் அப்படியா, என் வண்டி இலக்கத்துக்கு மட்டும் குறித்து வைத்திருக்கிறார்களா என்று தெரியவில்லை. நான்கு லீற்றருக்கே காசு எடுத்தார்கள். மிஞ்சிய முந்நூறு மில்லிலீற்றரைக் கானோடு ஷொப்பிங் பேக்கில் சுற்றி, பழைய பில்டருடன் சேர்த்து டிக்கிக்குள் வைத்திருந்தார்கள்.