இரண்டு தொன் எஞ்சின் கிரேன்: தூக்குவது சரி, இறக்குவதுதான் பிரச்சினை

எஞ்சின் கிரேன் விலை இறங்கியிருக்கிறதாம், வாங்கட்டோ என்று மானிப்பாய் நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். அவரிடம் ஒரு பழைய சீரிஸ் லான்ட்ரோவர் தகரக் கொட்டிலுக்குள் நிற்கிறது. போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

எஞ்சின் கிரேன் என்பது வண்டியிலிருந்து எஞ்சினைத் தூக்குகிற, சக்கரம் வைத்த சின்னக் கிரேன். கையால் பம்ப் அடிக்கிற எண்ணெய் ஜக் ஒன்று, கொக்கி தொங்கும் நீளமான இரும்புக் கையை உயர்த்தும். என்னிடம் இருப்பது மடித்துச் சுவரோடு நிறுத்திவைக்கக்கூடிய இரண்டு தொன் ரகம். எல்லாக் கடையிலும் நிற்கிற சாமான் என்பதால் நீளம், உயரம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. 1944 ஆம் ஆண்டு வில்லீஸ் எம்பி ஜீப் ஒன்றைச் சில வருடங்களாக இதை வைத்துத்தான் கழற்றிப் பூட்டுகிறேன். போன மாதம் கிரேனின் ஜக்கில் எண்ணெயைத் தடுத்துவைக்கும் றப்பர் வளையமான சீல் போய் எண்ணெய் கசிந்தது. அதைத் திருத்தி முடித்த கையோடு எழுதுவதால் கோபம் இன்னும் ஆறவில்லை.

நியாயம் நியாயமாக இருக்கட்டும். தூக்குகிற விஷயத்தில் இதன்மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. வில்லீஸ் எஞ்சின் பார்வைக்குச் சின்னன்: நாலு சிலிண்டர், 2.2 லீற்றர், 60 குதிரைவலு. ஆனால் முழுவதும் வார்ப்பிரும்பு. பிளைவீல், ஸ்டாட்டர், டைனமோ எல்லாம் பூட்டியிருந்தால் 200 கிலோவை ஒட்டி வரும். முன்பென்றால் இதற்கு ஒரு மாமரக் கொப்பைத் தேட வேண்டும், இல்லாவிட்டால் கொட்டில் தீராந்தியில் கயிறு போட்டுப் பக்கத்து வளவுப் பெடியள் நாலு பேரைக் கூப்பிட வேண்டும். கொப்பு முறியுமோ, தீராந்தி இறங்குமோ என்று மேலே பார்த்துக்கொண்டே வேலை செய்வதில் பாதி உயிர் போய்விடும். கிரேன் வந்த பிறகு நானும் மருமகனும் மட்டும்தான். ரேடியேற்றரையும் முன் கிறில்லையும் கழற்றிவிட்டு, கிரேனின் கால்களை முன் அச்சுக்குக் கீழே தள்ளி, அவன் பம்ப் அடிக்க நான் எஞ்சினைப் பிடித்துக்கொள்வேன். பள்ளிக்கூடம் போகிற பெடியன், வியர்க்காமல் தூக்கிவிடுவான்.

இரண்டு தொன் என்று எழுதியிருப்பதை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். கிரேனின் கையை முழுவதும் உள்ளே இழுத்துவைத்தால்தான் அந்தக் கணக்கு. ஜீப்பின் பம்பரைத் தாண்டி எஞ்சினை எட்டுவதற்குக் கடைசித் துளைவரை நீட்ட வேண்டும், அங்கே இதன் தாங்குதிறன் அரைத் தொன்தான். வில்லீஸுக்கு அது தாராளம். பெரிய லொறி எஞ்சினுக்கு இந்த எண்ணத்தையே விட்டுவிட வேண்டும்.

இனி இறக்குகிற கதைக்கு வருகிறேன்.

ஜக்கின் அடியில் ஒரு றிலீஸ் திருகு இருக்கிறது. அதைத் தளர்த்தினால் எண்ணெய் திரும்பி ஓடும், கை கீழே வரும். திருகைக் கால்வாசி திருப்பும்வரை ஒன்றுமே நடக்காது. அதற்கு மேல் ஒரு மயிரிழை திருப்பினால் எஞ்சின் ஒரேயடியாக இரண்டு அங்குலம் விழும். பதறிப்போய் இறுக்கினால் முழுப் பாரமும் ஒரு குலுக்குக் குலுக்கி நிற்கும். பாரம் கூடக் கூட உள்ளே எண்ணெயின் அழுத்தமும் கூடும் என்பதால், எங்கே ஆறுதலாக இறங்க வேண்டுமோ அங்கேதான் கெதியாக இறங்கும். அதோடு ஜக்கின் தண்டு கிரேனின் கையைப் பிடிக்கிற இடம், அந்தக் கை சுழலும் அச்சுக்குக் கிட்ட இருக்கிறது, கொக்கியோ தொலைவில் தொங்குகிறது. தண்டு ஒரு மில்லிமீற்றர் இறங்கினால் கொக்கி மூன்று நாலு மில்லிமீற்றர் இறங்கிவிடும். இன்னொன்று, கை ஒரு வட்டத்தின் வளைவில்தான் இறங்கும். எஞ்சின் கீழே வரும்போதே முன்னுக்கோ பின்னுக்கோ நகர்ந்துகொண்டும் இருக்கும். எஞ்சினைக் கழற்றி நிலத்தில் வைப்பவருக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. திரும்பப் பூட்டுகிறவருக்குத்தான் வேதனை.

ஏனென்றால் பூட்டும்போது நடப்பது இதுதான். கியர் பொக்ஸ் வண்டியிலேயே இருக்கிறது. அதிலிருந்து முன்னுக்கு நீட்டிக்கொண்டிருக்கும் தண்டு, எஞ்சினின் பின்பக்கம் பூட்டியிருக்கும் கிளச் பிளேட்டின் நடுவே உள்ள பற்களுக்குள் போய், அதையும் தாண்டி கிராங்கின் பின்பக்கம் இருக்கும் சிறிய பைலட் புஷ்ஷுக்குள், அதாவது தண்டின் நுனியைத் தாங்கும் வளையத்துக்குள், இறங்க வேண்டும். எஞ்சினின் சரிவு கியர் பொக்ஸின் சரிவோடு ஒத்துப்போக வேண்டும். உயரம் ஒரு மில்லிமீற்றர் பிசகினாலும் தண்டு பற்களின் விளிம்பில் முட்டிக்கொண்டு நிற்கும். அந்த நிலையில் பாரம் முழுவதும் கிளச் பிளேட்டில் தொங்கினால் பிளேட்டின் நடு வளைந்துவிடும். பொறுமை இல்லாமல் போல்ட்டைப் போட்டு இறுக்கி இழுத்தால், கிளச்சை மூடியிருக்கும் கூடான பெல் ஹவுசிங்கின் காது வெடித்துவிடும். வார்ப்பிரும்பு வளைந்து கொடுக்காது. எண்பது வருடம் தாண்டிய ஹவுசிங்குக்கு நான் எங்கே போவேன்? கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தை முழுக்க அலைந்தாலும் எம்பியின் சாமான் இருக்குமென்று நிச்சயமில்லை. மகிந்திரா ஜீப்பின் சாமான்கள் சில பொருந்தும், சில பொருந்தாது. இப்படிப்பட்ட இடத்தில் நின்றுகொண்டு, கால்வாசி திருப்பினால் ஒன்றுமில்லை, அதற்கு மேல் மயிரிழை திருப்பினால் இரண்டு அங்குலம் என்று ஒரு திருகோடு மல்லுக்கட்டுவது நெஞ்சை அடைக்கிற வேலை.

எங்கள் பக்கத்தில் பழைய மெக்கானிக் ஐயா ஒருவர் இருக்கிறார். 1990க்குப் பிறகு போரினால் யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள் தடை இருந்த காலத்தில் ஒஸ்ரின், மொரிஸ் கார்களை மண்ணெண்ணெயில் ஓடவைத்த தலைமுறை. காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் ஊற்றி ஸ்டாட் ஆக்கி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். யாழ்ப்பாணத்தில் இன்றும் அந்தக் கார்கள் ஓடுகின்றன என்றால் இவர்களின் கைதான் காரணம். அவர் வந்து என் கிரேனைச் சுற்றிப் பார்த்தார். பிறகு சொன்னார்: “தம்பி, தூக்கிறதுக்கு இது நல்ல சாமான். இறக்கிறதுக்கு செயின் புளொக்கைக் கொண்டு வாரும்.”

செயின் புளொக் என்பது கைச்சங்கிலியை இழுத்துப் பாரத்தை ஏற்றி இறக்குகிற சாமான். அவர் சொன்னபடி கிரேனின் கொக்கியில் சின்னதாக ஒன்றைத் தொங்கவிட்டோம், அதன் கொக்கியில் எஞ்சின். கிரேனைப் பம்ப் அடித்து வேண்டிய உயரத்தில் நிறுத்தியாயிற்று, அதற்குப் பிறகு றிலீஸ் திருகைத் தொடவே இல்லை. கைச்சங்கிலியை ஒரு முழம் இழுத்தால் கொக்கி ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் இறங்கும். சங்கிலியில் ஒரு கண்ணி அளவு இழுத்தால் எஞ்சின் இறங்கியதா இல்லையா என்றே கண்ணுக்குத் தெரியாது, ஆனால் இறங்கியிருக்கும். கையை எடுத்தால் எடுத்த இடத்தில் அப்படியே நிற்கும். உள்ளே இருக்கும் வெஸ்ரன் பிரேக்கின் வேலை அது: தொங்கும் பாரமே உராய்வுத் தட்டுகளை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், நாங்கள் சங்கிலியை இழுக்கும்போது மட்டும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். முக்கியமாக, நேரே கீழே வரும்.

தலை வெட்டிய இரண்டு நீளமான போல்ட்டுகளை வழிகாட்டி ஊசிகளாக எஞ்சினின் பின்பக்கம் முறுக்கி வைத்திருந்தோம். அவை ஹவுசிங்கின் துளைகளுக்குள் போனதும் ஐயா முன்னுக்கு வந்து ஸ்டாட்டிங் ஹான்டிலைப் போட்டு எஞ்சினை மெல்லச் சுழற்றச் சொன்னார். வண்டியைக் கியரில் போட்டிருந்ததால் கியர் பொக்ஸின் தண்டு அசையாது, கிளச் பிளேட் மட்டும் திரும்பும். திடீரென்று ஒரு “சளக்”. எஞ்சின் தானாகப் பின்னுக்குப் போய் ஹவுசிங்கோடு ஒட்டிக்கொண்டது. கடப்பாரை இல்லை, சுத்தியல் இல்லை, யாரும் தோள் கொடுத்துத் தள்ளவும் இல்லை. அன்று எனக்கு வந்த சந்தோசத்தை எழுத்தில் சொல்லத் தெரியவில்லை.

மற்ற விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்தக் கிரேனின் சின்னச் சக்கரங்கள் சீமெந்துத் தரைக்கு மட்டும்தான். எங்கள் செம்மண் முற்றத்தில் பாரத்தோடு ஒரு அடிகூட நகராது, பலகை போட்டாலும் இடைவெளியில் மாட்டிக்கொள்ளும். கியர் பொக்ஸின் பின்னால் இருந்து முன், பின் சக்கரங்களுக்கு வலுவைப் பிரித்தனுப்பும் ட்ரான்ஸ்பர் கேஸ் மாதிரிக் கீழிருந்து ஏற்றுகிற சாமான்களுக்கு இது உதவாது, அதற்குத் தரை ஜக்கும் மரத்தொட்டிலும் வேண்டும். வண்டியின் உடலை எந்தக் கிரேனும் இல்லாமல் ஆட்களை வைத்தே தூக்கலாம், முழு ஜீப்பே 1,100 கிலோ அளவுதான்.

இப்போது சீல் கதை. எஞ்சினைத் தொங்கவிட்டு, அடியில் மரக்குற்றி வைத்துவிட்டுப் படுக்கப் போனால், காலையில் எஞ்சின் குற்றியில் வந்து குந்தியிருக்கும். குற்றி இல்லாமல் இதில் எதையும் இரவு முழுக்க விடவே கூடாது, சீல் புதிதாக இருந்தாலும் சரி. கழற்றிப் பார்த்தால், ஜக்கின் தண்டில் பளபளப்புப் பூச்சு பொட்டுப் பொட்டாய்த் துருவேறி, அந்தத் துருதான் சீலை அரைத்திருக்கிறது. மூன்று பக்கமும் கடல் உள்ள ஊரில் உப்புக்காற்றுக்கு இந்த மெல்லிய பூச்சு எத்தனை காலம் தாங்கும்? வாங்கிய கடையில் கேட்டால் சீல் தனியாக வராது, ஜக்கை முழுசாக மாற்றுங்கள் என்கிறார்கள். ஒரு றப்பர் வளையத்துக்காக முழு ஜக்கா! கடைசியில் கடைச்சல் பட்டறையில் தண்டை மினுக்கி, அளவு பார்த்து வேறு சீல் போட்டோம். இப்போது கசிவில்லை. வைத்திருக்கிறவர்கள் வேலை முடிந்ததும் கையை முழுவதும் இறக்கி, தண்டை உள்ளே விட்டு, மேலே கொஞ்சம் கிறீஸ் பூசி வையுங்கள்.

சரி, வாங்கலாமா? இவ்வளவு நாள் என் முதுகைக் காப்பாற்றிய சாமான்தான், இது இல்லாவிட்டால் அந்த எஞ்சின் இன்னும் கொட்டில் மூலையில் கிடந்திருக்கும். இருந்தாலும் வாங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன், விலை இன்னும் இறங்கினாலும். ஒரேயொரு வண்டி, அதுவும் மண் தரையில் நிற்கிறது என்றால், கொட்டிலின் இரண்டு பக்கமும் இரும்புத் தூண் நட்டு, மேலே ஒரு எச் இரும்பைப் போட்டு, ஒரு தொன் செயின் புளொக்கைத் தொங்கவிடுங்கள். வண்டியை அதற்குக் கீழே தள்ளிக்கொண்டு வந்தால் போதும், பாரம் நகரத் தேவையில்லை. தூண்களை வெட்டி ஒட்டுகிறவரிடம் மூலைகளுக்குச் சாய்வுத் தாங்கி கட்டாயம் வைக்கச் சொல்லுங்கள். செயின் புளொக்கை வாங்கும்போது கடையிலேயே ஏதாவது பாரத்தைத் தொங்கவிட்டு, கையை எடுத்துப் பாருங்கள். ஒரு மில்லிமீற்றர் இறங்கினாலும் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.