சேஃப்டி ஷூவைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள்

நான் அடுக்குமாடிக் கட்டடங்களில் சென்டரிங் மேஸ்திரி; கான்கிரீட் ஊற்றுவதற்கான பலகை, தகடு அடைப்பதுதான் சென்டரிங். எங்கள் ஆட்களுக்காகக் கோவை டவுன்ஹால் பக்கம் ஒரு கடையில் வாங்கிய சேஃப்டி ஷூ இது. ஜோடி ஆயிரம் ரூபாய்க்குள்.

கடைக்காரர் முதலில் காட்டியது முன்பக்க இரும்பைத்தான். ஐ.எஸ். 15298 என்ற இந்தியத் தர முத்திரை, 200 ஜூல் அடியைத் தாங்கும் என்று சுத்தியலால் தட்டியே காட்டினார். நல்லதுதான். ஆனால் எங்கள் வேலையில் விரல் மேல் பொருள் விழுவதைவிட ஆள் வழுக்கி விழுவதே அதிகம். அதனால் ஷூவைத் திருப்பி, எஸ்.ஆர்.சி. என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். சோப்புக் கரைசல் ஊற்றிய டைல்ஸிலும் கிளிசரின் தடவிய இரும்புத் தகட்டிலும் வழுக்கலைச் சோதித்ததற்கான குறி அது.

கான்கிரீட் நன்றாக இறுகுவதற்காகக் கட்டிவைக்கும் கியூரிங் தண்ணீர் நிற்கும் தளத்தில் இந்த ஷூ நன்றாகப் பிடிக்கிறது. ஆயில் அடித்த சென்டரிங் ஷீட்டில் அவ்வளவு இல்லை. அங்கே ஷூவை மட்டும் நம்பக் கூடாது; நடைவழியில் வழுக்கல் இல்லாமல் பார்த்துக்கொள்வது வேலை கொடுப்பவரின் பொறுப்பு என்று கட்டுமானத் தொழிலாளர்களுக்கான 1998 மத்திய விதிகளிலேயே சொல்லப்பட்டிருந்தது.

பெரிய குறை, அடியில் உள்ள பள்ளங்கள் குறுகல். கான்கிரீட் போடும் நாளில் சிமெண்ட் பால் இறங்கி இறுகி, மதியத்துக்குள் அடிப்பாகம் மொழுமொழுவென்று ஆகிவிடுகிறது. சாப்பிட உட்காரும்போது கட்டுக்கம்பித் துண்டால் கிண்டினால் பட்டாணி பட்டாணியாக உதிர்கிறது. எத்தனை பேர் தினமும் கிண்டுவார்கள்?

ஒரு ஜோடியில் அடிப்பாகம் சீக்கிரமே பிளந்துகொண்டது. ஷூவின் நாக்கில் உள்ள தயாரிப்புத் தேதியைப் பார்த்தால் பழைய சரக்கு. பியூ (பாலியூரித்தேன்) சோல் கிடங்கில் கிடந்தாலே ஈரக்காற்றில் இற்றுவிடும். கடைக்காரர் முனகிக்கொண்டேதான் மாற்றிக் கொடுத்தார்.

எனக்கு எரிச்சல் வந்தது வேறொன்றில். ஆறாம் நம்பருக்குக் கீழே ஷூவே இல்லை. சித்தாள் பெண்களுக்கு நாலு, ஐந்துதான் வேண்டும். "பெண்களுக்கு யார் கேட்கிறார்கள் மேஸ்திரி, துணி வைத்துப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்" என்கிறார். தலையில் சாந்துச் சட்டியோடு சாரப் பலகையில் ஏறுகிறவள் காலைக் குனிந்துகூடப் பார்க்க முடியாது. தொளதொள ஷூவுக்கு அவளுடைய ரப்பர் செருப்பே மேல். அவர்களுக்கு வேறு கடையில் சொல்லி வாங்கினேன்.

ஆண்களுக்கு ஐந்தில் மூன்று மதிப்பெண் தருவேன். நாலாம் நம்பர் வந்தால் மட்டும் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.